கொல்லை இல்லாத வீட்டில் முதல் கீரைப் பாத்தி

லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்களைக் கண்டு பேசினால் முதலில் சொல்லும் குறை ஒன்று உண்டு. தண்ணீர் குழாயிலேயே வருகிறது, கூரை ஒழுகவில்லை, எல்லாம் சரிதான். ஆனால் "கொல்லை இல்லையே வாத்தியாரே" என்பார்கள். நாலு கீரைத்தண்டு பிடுங்கக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் காசு. தோட்டங்கள் விற்கப்பட்டு, பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் வீடுகள் எழும்பி வரும் இந்நாளில், இந்தக் குறையைச் சொல்லும் குடும்பங்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வருகின்றன. இன்றைய பேச்சு அவர்களுக்காக. நாளை குடிபோகப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

எங்கள் அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். அப்பா காலமான பிறகு, சிங்கப்பூரில் மணமுடித்துக் குடியிருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். லிட்டில் இந்தியாவில், தேக்காச் சந்தைக்குப் பின்புறம் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் உள்ள அடுக்குமாடி ஒன்றில் வீடு. போன சில மாதங்களில் அம்மாவின் பேச்சு குறைந்துவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "என்னம்மா வேண்டும்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, கைக்கு வேலை இல்லை" என்பார். அக்காள்தான் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, அம்மாவுக்கு ஒரு தோட்டம் போட்டுக் கொடுப்போம். நீ சனி, ஞாயிறு வந்து போ" என்றார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் இருவருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். ஆனால் மண்வெட்டி பிடித்தவர்கள் அல்லர். "நீங்கள் எழுதுகோல் பிடியுங்கள், இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வளர்த்தார்கள். லயத்துக்குப் பின்னால் கத்தரியும் பயற்றங்கொடியும் தாமாக வளர்வதாகவே நினைத்திருந்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒளிச்சேர்க்கையைக் கரும்பலகையில் வரைந்து காட்டத் தெரிந்தது. ஒரு மிளகாய் நாற்றை எத்தனை விரல் ஆழத்தில் நடுவது என்று தெரியவில்லை. ஆகவே இது நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக விதை போட்டவர்களின் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் தோட்டமா என்று கேட்கலாம். உண்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் ஊர் அது. ஆனால் அந்த ஊரின் மண் பயிரை அறியாத மண் அன்று. லிட்டில் இந்தியாவின் பழைய பெயர்களில் ஒன்று கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். பஃபலோ ரோடு என்ற பெயரும் மாட்டு வாணிபத்தின் நினைவே. அங்கிருந்து சிறிது தூரத்தில் லவெண்டர் ஸ்திரீட் இருக்கிறது. நறுமணப் பூவின் பெயர் அதற்கு எப்படி வந்தது தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் முழுவதும் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். மனிதக் கழிவையே எருவாகப் போட்டதால் அந்த வழியே போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அதைக் கேலி செய்துதான் 1858ஆம் ஆண்டில் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். பிறகு 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசி கிடைக்காமல் போனபோது நகரத்து மக்களே வெற்றிடங்களைக் கொத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டார்கள். மரவள்ளிக் கிழங்கைப் பற்றி நம் பாட்டிமார் சொன்ன கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே கதைதான் அங்கும்.

இப்போது மக்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். குடியிருப்பாளர்கள் கூடித் தோட்டம் போடுவதற்குத் தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கியது. 2016 முதல் பூங்காக்களில் தனித்தனிப் பாத்திகளை வாடகைக்கும் விடுகிறார்கள். ஒரு பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். மூன்று ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை சுமார் 60 வெள்ளி. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுக் கொடுக்கிறார்கள். 2020இல் கொவிட் நோய்த்தொற்று பரவியபோது, நாலு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலம் அனுப்பினார்கள். இரண்டரை மீட்டர் என்று கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. லயத்தில் ஒரு கோழிக்கூடு அதைவிடப் பெரியது. அந்தச் சிரிப்பு பிறகு அடங்கிவிட்டது.

பாத்தி கிடைக்கும் வரையில் வீட்டு வாசலில், மாடித் தாழ்வாரத்தில், தொட்டிகளில் தொடங்கினோம். அங்கே இரண்டு விதிகள் உண்டு. நம் ஊர் அடுக்குமாடிக்காரர்களும் அவற்றைப் பின்பற்றுவது நல்லது. முதலாவது, தீப்பிடித்தால் ஆட்கள் ஓடவும் தீயணைப்பாளர்கள் வரவும் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். எனவே தொட்டிகளைச் சுவரோரம் ஒரே வரிசையாக வைக்க வேண்டும். இரண்டாவது, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. தட்டையே எடுத்துவிட்டு, தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, மெதுவாக ஊற்றுவது எளிய வழி. தட்டு இல்லாமல் முடியாதென்றால் நாள்தோறும் கவிழ்த்துத் துடைக்க வேண்டும்.

முதல் தோல்வி அந்தத் தாழ்வாரத்திலேயே வந்தது. நவம்பர் மாதம். ஆறு தொட்டிகளில் மிளகாய் நாற்று வைத்தோம். இலை பெரிதாக, பச்சையாக, நெட்டையாக வளர்ந்தது, பூவே இல்லை. உரம் போதவில்லை என்று இன்னும் போட்டோம், இன்னும் நெட்டையானது. அம்மா மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாத்தியாரே, இந்தப் பக்கம் வெயில் எப்போது வரும்?" என்று கேட்டார். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தோம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாடி வீட்டுத் தோட்டத்தில் இதுதான் தலையாய செய்தி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 1.3 பாகையில் இருக்கிறது. ஜொகூரும் அதற்கு அருகேதான். இந்த இடத்தில் சூரியன் மார்ச் மாதக் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் இருபதாம் தேதி வாக்கில் வரையில் வானத்தின் வடபாதியில் நடமாடுகிறது. மற்ற ஆறு மாதம் தென்பாதியில். லயத்தில் இது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கொல்லைக்கு எல்லாப் பக்கமும் திறந்த வெளி. மாடித் தாழ்வாரத்துக்கோ ஒரே ஒரு பக்கந்தான் திறப்பு. மேலே கூரை, பின்னே சுவர். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வெயில் விழும். நவம்பரில் நேர்வெயில் ஒரு துளியும் விழாது. தெற்குப் பார்த்ததற்கு இதன் மறுபாதி. கிழக்குப் பார்த்ததற்கு ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. மேற்குக்கு மாலை வெயில்; அது சுடும், தொட்டி மண் சீக்கிரம் காயும். எங்கள் அக்காள் வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது. நாங்கள் மிளகாயை வைத்ததோ நவம்பரில்! காய்க்கிற செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். கீரைக்கு நாலு மணி நேரம் போதும். புதினாவும் வெற்றிலைக்கொடியும் அதற்கும் குறைவாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே விதை வாங்கும் முன்பு ஒரு நாள் வீட்டில் இருந்து, எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அது மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மிளகாயை ஒதுக்கிவிட்டுப் புதினா வைத்தோம். பஃபலோ ரோட்டுக் கடையில் சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டுகளாகப் பார்த்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தார் அம்மா. ஒரு வாரத்தில் வேர் விட்டது. இந்த வித்தைக்குக் காசே இல்லை.

தொட்டி மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியில் கிடந்த செம்மண்ணை அப்படியே நிரப்பியது எங்கள் இரண்டாவது தவறு. பத்து நாளில் அது செங்கல்லாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்று, பிறகு ஓரமாக வழிந்து ஓடியது. நிலத்தில் மண்புழுவும் வேரும் செய்கிற வேலையைத் தொட்டியில் நாம் செய்ய வேண்டும். மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்த பிறகு சரியாயிற்று. கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். அம்மாவுக்கு அளவுகோல் அதுதான். கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும். மிளகாய், கத்தரிக்கு ஒன்றரைச் சாணாவது வேண்டும்.

இதற்கிடையில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் அக்காளுக்கு ஒரு பாத்தி விழுந்தது. வீட்டிலிருந்து வண்டி மாறி மாறிப் போக வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பயணமே பிடித்துப்போயிற்று. வேலைக்குப் போவதைப் போல் தூக்குச்சட்டியில் தேநீரோடு கிளம்பிவிடுவார்.

டிசம்பர் முதல் வாரத்தில் கத்தரி நாற்று ஆறு, வெண்டை ஒரு வரிசை, தண்டுக்கீரை, கங்கோங் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டோம். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதம் அது. சிங்கப்பூரில் டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, பிப்ரவரியில் 105தான். நாலு நாள் விடாமல் பெய்தது. கீரை விதை கடுகைவிடச் சிறியது. அவ்வளவும் பாத்தியின் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மூலையில் மட்டும் புல் போல் முளைத்து நின்றது! வெண்டை விதை அழுகிற்று. கங்கோங் ஒன்றுதான் "இதற்குத்தானே காத்திருந்தேன்" என்பதைப் போல் எழும்பியது. அது தண்ணீர்ப் பயிர் அல்லவா? இருபத்தைந்தாம் நாள், வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு அறுத்தோம். அது மறுபடியும் துளிர்த்தது. முதன்முதலாகக் கையால் வளர்த்ததை அன்றிரவு சாப்பிட்டோம். ஒரு கட்டுக்கு மேல் இராது. அம்மா மட்டும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொண்டார்.

அடைமழைக் காலத்தில் சிறு விதையைத் தூவக்கூடாது. தட்டில் நாற்று விட்டு, நாலு இலை வந்த பிறகு நட வேண்டும். அல்லது வாழை இலையோ பழைய வலையோ கொண்டு மேலே மூடி, துளியின் வேகத்தைத் தடுக்க வேண்டும். மழை இன்னொரு கெடுதலும் செய்கிறது. மண்ணிலுள்ள சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது, மண் புளிப்பேறுகிறது. ஒரே நாளில் அள்ளிப் போட்ட உரம் இரண்டு மழையில் காணாமல் போகும். இரு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சங்கொஞ்சமாகப் போடுவதே முறை.

கத்தரிக்கு வருவோம். மழைக்குத் தப்பிய ஆறு நாற்றும் ஜனவரியில் முழங்கால் உயரம் வந்தன. ஊதாப் பூவும் வைத்தன. பெருமையாகப் படம் எடுத்து எங்கள் பள்ளி மாணவர்களுக்குக் காட்டினோம். மறுவாரம் போனபோது ஒரு செடி நண்பகலில் தொங்கிப்போயிருந்தது. இலை பச்சையாகவே இருந்தது, பூச்சி இல்லை, மண்ணில் ஈரம் இருந்தது. மாலையில் நிமிர்ந்தது. "வெயில் தாங்கவில்லை" என்று சொல்லி இன்னும் தண்ணீர் விட்டோம். மூன்றாம் நாள் நிமிரவில்லை. பத்து நாளில் ஆறும் போயின.

பக்கத்துப் பாத்திக்காரர் ஒரு சீனத் தாத்தா. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் சந்தை மலாயில் பேசிக்கொள்வார்கள். அவர் செத்த செடியின் தண்டை அடியில் அறுத்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அறுபட்ட முனை படும்படி பிடித்தார். சில நிமிடங்களில் முனையிலிருந்து வெள்ளை நூல் போல், பால் கசிவது போல் ஒன்று இறங்கியது. "ஹபிஸ்" என்றார். தீர்ந்தது என்று பொருள்.

அந்த வெள்ளை நூல் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களின் திரள். இந்த நோய்க்குப் பாக்டீரியா வாடல் என்று பெயர். இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1896ஆம் ஆண்டில் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் விவரித்து எழுதினார். அது மண்ணில் இருக்கிறது. வேரில் உள்ள சிறு காயத்தின் வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண் ஈரமாக இருந்தும் இலைக்குத் தண்ணீர் எட்டாமற் போவது அதனால்தான். பால்மரத்தின் வெள்ளை வேர் நோயை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது காளான், இது பாக்டீரியா. ஆனால் மேலே இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே வேலை முடிந்துவிடுவது இரண்டுக்கும் பொது. வெப்பமும் ஈரமும் கூடிய நம் பக்கத்து நாடுகளில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் இது தாக்கும். மருந்து தெளித்து நிறுத்த முடியாது. செடியை வேர்மண்ணோடு பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், எருக்குழியில் போடக்கூடாது. அந்த மண்ணில் பட்ட மண்வெட்டியையும் காலணியையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகக்கூடாது. நாங்கள் தண்ணீர் விட்டு விட்டு நோயை ஆறு செடிக்கும் பரப்பியிருக்கிறோம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தில் சில பருவங்களுக்குக் கத்தரி இனமே வைக்காமல், பயறு, வெள்ளரி, கீரை என்று மாற்ற வேண்டும்.

கத்தரி இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நம் வேலியோரத்துச் சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்த நோயைப் பெரும்பாலும் தாங்கும். அதன் அடித்தண்டில் கத்தரி முனையை ஒட்டுக் கட்டி வளர்க்கிறார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதே முறையில் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டிக் காட்டியிருக்கிறது. பால்மரத்துக்கு ஒட்டுக் கட்டத் தெரிந்த கைகள் நம் தோட்டங்களில் எத்தனை இருக்கின்றன! அவர்களுக்கு இது பெரிய வேலையல்ல.

நாங்கள் அதைச் சொல்லி அம்மாவிடம் போனபோது அவர் சிரித்தார். "லயத்துக் கொல்லையில் ஒரு வருசம் வைத்த இடத்தில் மறு வருசம் கத்தரி வைக்க மாட்டேனே, நீ பார்த்ததில்லையா?" என்றார். பார்த்திருக்கிறோம், கேட்டதில்லை. "ஏனம்மா இங்கே சொல்லவில்லை?" என்றோம். "இது புது மண் என்று நினைத்தேன். அதோடு, நீ பாடம் படித்தவன்" என்றார். இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பிப்ரவரியில் மழை விட்டதும் அதே பாத்தியில் பயற்றங்காய் போட்டோம். இந்த முறை அம்மா சொல்ல, நாங்கள் செய்தோம். ஒரு விரல்கணு ஆழம், குழிக்கு இரண்டு விதை, ஒரு சாண் இடைவெளி, முளைத்த மூன்றாம் நாளே குச்சி. பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் அதற்கு உரம் குறைவாகவே போதும். அசுவினி அப்பியபோது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறத்தில் தெளித்தோம். ஐம்பதாம் நாளுக்குள் காய் பறித்தோம். அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு பிடி. சீனத் தாத்தாவுக்கு ஒரு பங்கு போயிற்று. அவரிடமிருந்து சின்ன வெங்காயத்தாள் வந்தது.

கணக்கைக் கேட்பீர்கள். அந்தப் பருவத்தில் கங்கோங் ஒன்பது கட்டு, தண்டுக்கீரை நாலு கட்டு, பயற்றங்காய் ஏறக்குறைய மூன்று கிலோ, புதினா வேண்டிய மட்டும், கத்தரிக்காய் ஒன்றும் இல்லை. வாடகை, மண், எரு, தொட்டி, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்தால் தேக்காவில் அதைவிட நிறைய வாங்கியிருக்கலாம். முதல் பருவத்தில் இலாபம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டியும் மண்ணும் மறு பருவத்துக்கும் இருக்கும் என்பதுதான் ஆறுதல்.

கடைசிக் காய்களில் ஏழெட்டைக் கொடியிலேயே முற்ற விட்டு, காய்ந்த பிறகு உரித்து, அம்மா ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறார். எங்கள் பள்ளிக்குப் பின்புறம், பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கேட்டோம். விதையையும் மண்ணோடு கூடிய செடியையும் எல்லை கடந்து கொண்டுவர விதிகள் உண்டு; விசாரித்துக்கொண்டு எடுத்துப் போ என்று அக்காள் சொன்னார். அதை விசாரிப்பதற்குள், அம்மா வேறு யோசனை சொல்லிவிட்டார். இங்கே நம் தோட்டத்திலேயே கோடி லயத்துப் பெரியம்மாவிடம் அதே பயறு இருக்கிறதாம். இருபது வருடத்துக்கு முன்பு அம்மா கொடுத்ததுதானாம். அடுத்த வாரம் அவரிடம் போய்க் கேட்கப் போகிறோம். எந்த மாதம் போடுவது, எதற்குப் பிறகு எதைப் போடுவது என்பதையும் இந்த முறை எழுதி வாங்கிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மாணவர்களையும் அழைத்துப் போகிறோம்.